பித்தப்பை இருந்த இடம்

முத்துச்செல்வி என்ற பெயரில் எங்கள் கம்பெனியில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ‘கேட் கத்துமே, அந்தச் செல்வி’ என்று சொன்னால்தான் இவளைத் தெரியும். இந்தப் பட்டப்பெயரை வைத்த மகராசி யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை ஆள் அகப்படவில்லை.

நான் சந்திரம்மாள். சொந்த ஊர் இருங்காட்டுக்கோட்டை. ஒரகடத்தில் செல்போனுக்குள் வைக்கிற கேமரா செய்யும் கம்பெனியில் பெண்கள் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறேன். ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் ஒவ்வொருவராக மெட்டல் டிடெக்டர் வழியாக வர வேண்டும். மெஷின் கத்தினால் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கையாலும் கைமெஷினாலும் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். உள்ளே செய்கிற பாகங்கள் கடுகு அளவுகூட இருக்காது என்பதால், தலையில் மறந்துபோய் ஒரு ஹேர்பின் இருந்தாலே ஊரைக் கூட்டுகிற அளவுக்கு அந்த மெஷினை முறுக்கி வைத்திருந்தார்கள்.

அதனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் உடம்பில் உலோகமே கூடாது. கல்யாணமானவர்கள் தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மெட்டியைக் கழற்றச் சொன்னால் சில பேர் மூக்கைச் சிந்துவார்கள். உள்ளாடைக் கொக்கி வரைக்கும் பிளாஸ்டிக்தான். இந்த விஷயத்தில் முத்துச்செல்வி மாதிரி ஒழுங்கான பெண்ணை நான் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், பென்னலூரில் நாலு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கழற்றிய மூக்குத்தியைத் திரும்பப் போடவே இல்லை. போட்டுப் போட்டுக் கழற்ற யாரால் முடியும் என்று விட்டுவிட்டாள். மூக்கில் துளையும் தூர்ந்துவிட்டது. வேலைக்கு வந்த முதல் சில வருஷம் அவளுக்காக மெஷின் ஒரு முறைகூட வாயைத் திறந்ததில்லை. அவளுக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது.

அப்படி இருந்தவளுக்குத்தான் வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தின்றால் ராத்திரிக்குள் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். பிடித்தது முதுகைச் சுற்றித் தோள்பட்டை வரைக்கும் ஏறும். அறையில் இருந்தவர்கள் வாயு என்றார்கள். சோடா, ஓமத் தண்ணீர், இஞ்சி எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஸ்கேன் எடுத்ததில் கல் என்று சொன்னார்கள். கல் என்ற சொல் வெளியே வந்ததுதான் தாமதம், பாகம் கோர்க்கிற லைனில் நிற்கிற அத்தனை பேரும் வைத்தியராகிவிட்டார்கள். ஆளுக்கொரு வாழைத்தண்டோடு வந்தார்கள். இவளும் மடக் மடக்கென்று சாறு குடித்தாள். வலி மட்டும் போனபாடில்லை.

கம்பெனியின் முதலுதவி அறையில் இருக்கிற நர்ஸ் ஷெர்லின்தான் ஒரு நாள் பொறுமையிழந்து கத்தினாள்.

"வாழத்தண்டு மூத்திரம் போற வழிக்கு. உனக்குக் கல்லு கீறது பித்தம் போற வழில. ரெண்டும் வேற ரோடு. இந்த ரோட்டைக் கழுவிவுட்டா அந்த ரோட்டுல கீற கல்லு எப்டி போவும்? போய் ஆபரேஷன் பண்ணிக்கோ."

செல்வி ஊருக்குப் போய் அம்மா கூட இருந்து ஆபரேஷன் செய்துகொண்டாள். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, பித்தப்பையைக் கல்லோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். வலி அன்றோடு போயிற்று. பித்தப்பையே போய்விட்டதால் இனி தலை சுற்றாது, நரைக்காது, கோபம் வராது என்று லைனில் கேலி பேசினார்கள். நரை பற்றி எனக்குத் தெரியாது. கோபத்தைப் பற்றி அவர்கள் சொன்னது பச்சைப் பொய்.

திரும்பி வந்த முதல் நாளே மெஷின் கத்தியது. அவள் நம்பவில்லை. வேறு யாருக்கோ கத்துகிறது என்று நினைத்து நகர்ந்து போனாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். திரைக்குப் பின்னால் பார்த்தேன். தலைமுடி, காலுறை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு மண்ணும் இல்லை. ஆனால் கைமெஷினை வலது விலாவுக்குக் கீழே கொண்டுபோனால் கீச்சென்றது.

"இன்னாடி உள்ள வெச்சிக்கினு கீற?"

"பசிதான்க்கா இருக்கு. வேற என்ன இருக்கும்?"

மறுநாள் ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஷெர்லினிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னோம். பையை அறுக்கும்போது அதிலிருந்து வருகிற குழாயின் வாய் திறந்துகொள்ளும் அல்லவா, அதையும் பக்கத்தில் இருக்கிற ரத்தக்குழாயையும் சின்னச் சின்ன டைட்டானியம் கிளிப்பால் கவ்வி மூடிவிடுவார்களாம். அது உள்ளேயே இருக்கும், ஒன்றும் செய்யாது என்றாள். இதைச் செல்வியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மூக்குத்தியைக்கூட வேண்டாம் என்று துளையைத் தூர விட்டவளுக்கு, மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றுக்குள் உலோகத்தை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஷெர்லின் இன்னொன்றும் சொன்னாள். ஈரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். எங்கள் லைனில் ஒரு இடத்தில் செய்த பாகத்தை அடுத்த இடத்துக்குப் போகும் முன் அடுக்கி வைக்கிற ரேக் மாதிரிதான் பித்தப்பை. எண்ணெய்ப் பண்டம் குடலுக்கு வந்தால் ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இப்போது ரேக் இல்லை. சுரக்கிறது சுரக்கிற நேரத்தில் நேராகக் குடலில் போய் விழும். நிறையப் பேருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு மட்டும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கிக்கொண்டு வரும். போகப் போகப் பழகிவிடும். செல்விக்கு அது பழகவில்லை.

எங்கள் கேட்டின் சட்டம் இங்கேதான் அவள் கழுத்தில் கையை வைத்தது. மெஷின் கத்தினவளை நான் சோதித்த பிறகு, செக்யூரிட்டி ஆபீசர் மோகன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அவள் என் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கழிவறைக்குப் போகக் கூடாது. எடுத்த பொருளை உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவாளாம். ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் கேன்டீனில் டீயும் வடையும் கொடுப்பார்கள். அதைத் தின்றுவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உலாத்தப் போன மோகன் சார் எப்போது வருவார் என்று அவள் நிற்பாள். நேராகப் பென்னலூர் போகிற முதல் கம்பெனி பஸ் கிளம்பிப் போய்விடும். இரண்டாவது பஸ் மறைமலை நகர் ஆட்களை இறக்கிவிட்டு ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டுதான் வரும். அந்தப் பஸ்ஸில் அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தினமும் கத்தினாலாவது ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்தச் சனியன் சில நாள் கத்தும், சில நாள் கத்தாது. நேராக வந்தால் கத்துகிறதா, சாய்ந்து வந்தால் கத்துகிறதா என்று அவள் விதவிதமாக நடந்து பார்த்தாள். அதைக் கேமராவில் பார்த்த மோகன், ஏன் ஒரு மாதிரி நடக்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார். கடைசியில் அவள் வடையை விட்டாள். பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டாள். காலையில் இரண்டு இட்லியோடு ஷிப்ட் முழுக்க நின்றாள்.

"சாப்புடாம எப்டிடி நிக்கற?" என்று கேட்டேன்.

"சாப்ட்டாதான்க்கா நிக்க முடியல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேராக மோகனிடம் போனேன். போர்க்லிப்ட் ஓட்டுகிற அருள்பாண்டிக்கு மட்டும் மெடிக்கல் பாஸ் கொடுத்தீர்களே, இவளுக்கும் கொடுங்கள் என்றேன். அருள்பாண்டி வாலாஜாபாத் ரோட்டில் லாரிக்காரன் இடித்துக் காலில் ராடு வைத்தவன். ஆண்கள் வாசலில் மெஷின் கத்தினாலும் பாஸைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இந்தப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் எங்கேயாவது கம்பி இருக்கும், அது மோகனுக்கும் தெரியும்.

"கால்ல ராடு வெப்பாங்க, கைல பிளேட் வெப்பாங்க. வயித்துல யாரும்மா இரும்பு வெப்பான்? அங்க எலும்பா கீது?"

"இரும்பு இல்ல சார். கிளிப்பு. பித்தம் போற கொயாய அடைக்க வெச்சது."

"கொயாய அடைச்சா ஆளு எப்டி உயிரோட கீது? போம்மா, டாக்டர் கைல லெட்டர் வாங்கியாரச் சொல்லு."

செல்வி திருநெல்வேலி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர்தான், சிரித்தாராம். டைட்டானியத்துக்கு மெஷின் கத்தாது, விமான நிலையத்திலேயே கத்தாது, கத்துகிறது என்று நான் எப்படி எழுதித் தருவது என்று கேட்டாராம். கத்துகிறதே என்று இவள் சொன்னதற்கு, அப்படியென்றால் மெஷினைச் சரி பார்க்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாராம்.

"டாக்டரு மெஷின்ல கோளாறுங்காரு, மெஷின் என் மேல கோளாறுங்குது. நான் யார்ட்டக்கா போய்ச் சொல்லுவேன்?" என்றாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் கண் கலங்கிப் பார்த்தேன். அழுகையில்லை, எரிச்சல்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் லைனில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் கொடுத்திருக்கிறார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாமல் இவளும் தின்றிருக்கிறாள். அன்று பார்த்து மெஷின் கத்தியது, மோகன் மெயின் கேட்டில் யாரோ விருந்தாளிக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். இவள் நின்றாள், பிறகு குந்தினாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வியர்த்து வெளுத்துவிட்டது. அடப் போங்கடா என்று நானே எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியில் காவல் நின்றேன். கேமரா அதையும் பார்த்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது, அது போகட்டும். மறுநாள் காலையில் இவள் லைனில் ஒரு ட்ரே பாகம் குறைகிறது என்றார்கள்.

கணக்குப் போட அவர்களுக்கு அரை நிமிடம் ஆகவில்லை. அடிக்கடி யாருக்குக் கத்துகிறது? செல்விக்கு. சட்டத்தை மீறிக் கழிவறைக்குப் போனது யார்? செல்வி. மோகன் அவளைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள உள்ள கீறது உன் சாமான்னு காட்டு. இல்லன்னா திங்கக்கெழம லைனுக்கு வராத."

"என் சாமான் இல்ல சார். ஆஸ்பத்திரி சாமான். ஆனா கம்பெனி சாமான் இல்ல."

என் வார விடுப்பில் அவளை ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எழுத மாட்டார் என்றால் படம் எழுதட்டும் என்பது என் யோசனை. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே, நகத்தைவிடச் சின்னதாக நாலு வெள்ளைக் கோடு. செல்வி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இந்த நாலு கோட்டுக்காகவா என்று கேட்டாள். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் யார் மேலும் படாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மோகன் படத்தை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக் கோட்டைத் தொட்டு, "இது எந்த மாடல் பார்ட்டு?" என்றார்.

எனக்குப் பதில் நாக்கு வரை வந்துவிட்டது. செல்வி முந்திக்கொண்டாள். மேல்சட்டையை விலா வரை தூக்கி, நாலு தழும்பையும் காட்டினாள். அங்கே நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஒங்க பார்ட்டத் திருடி, வயித்தக் கிழிச்சு, உள்ள வச்சுத் தச்சு, இத்தன மாசமா நடந்துட்டு இருக்கனா சார்? நல்லாப் பாத்துக்கிடுங்க."

அன்றைக்குப் பாஸ் கிடைத்தது. காணாமல் போன ட்ரே ஸ்டோரிலேயே வேறு பெயரில் வரவு வைத்துக் கிடந்ததாகப் பிறகு தெரிந்தது. அதை யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை.

பாஸ் போடும்போது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. எந்த இடத்தில் உலோகம் என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். அதில் கை, கால், இடுப்பு, பல் என்று நாலுதான் இருந்தது. வயிறு இல்லை. மோகன் யோசித்துவிட்டு, பக்கத்தில் இருப்பது இடுப்புதான் என்று அதை அழுத்தினார். நானும் போகட்டும் என்று விட்டேன். எதுவோ ஒன்று, பெண் பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

பிடித்தாள். மெஷின் கத்தும், பாஸைக் காட்டுவாள், போய்க்கொண்டே இருப்பாள். முதல் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டுவாள். மத்தியானம் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் இரண்டு வடை தின்றேன் என்று, பரீட்சையில் பாஸானவள் மாதிரி வந்து சொன்னாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷம் புது மெஷின் வரும்வரைதான். பழையது வீணாகக் கத்துகிறது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்களாம். இரண்டு வாசலுக்கும் புதிதாக வந்தது படித்த மெஷின். எங்கள் பாகத்துக்குக் கத்தும், அருள்பாண்டியின் ராடுக்குக் கத்தும். செல்வி போனால் மூச்சே விடவில்லை. அவள் திரும்பி வந்து மறுபடியும் நடந்தாள். அப்போதும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

புது மெஷினோடு புதுச் சட்டமும் வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. பாஸ் வைத்திருப்பவர் விஷயத்தில் மெஷினை நம்பக் கூடாதாம். கத்தினாலும் கத்தாவிட்டாலும் அவர்களைத் தினமும் திரைக்குப் பின்னால் சோதிக்க வேண்டும், பாஸில் குறித்த இடத்தில் கைமெஷின் வைத்துப் பார்க்க வேண்டும், மற்ற எல்லாரும் போன பிறகு கடைசியில்தான் அனுப்ப வேண்டும். அதுவரை கழிவறைக்குப் போகக் கூடாது.

செல்வி பாஸைக் கழற்றி மோகனின் மேஜையில் வைத்தாள்.

"இது எனக்கு வேண்டாம் சார். மெஷின்தான் கத்தலையே. எல்லாரையும் மாதிரி நானும் போய்க்கிடுதேன்."

"அப்டி நெனச்சா எடுக்கறதும் நெனச்சா குடுக்கறதும் இல்லம்மா. உள்ள கீறத எடுத்தாச்சுன்னு டாக்டர் லெட்டர் வேணும். அடுத்த மாசம் ராட எடுத்துட்டு லெட்டர் கொண்டாரேன்னு அருள்பாண்டி சொல்லிக்கிறான். வந்தா அவன் பாஸ கேன்சல் பண்ணுவேன். நீயும் கொண்டா, உன்னுதையும் பண்றேன்."

"அது எடுக்கற சாமான் இல்ல சார்" என்றேன் நான். "பித்தக் கொயாயோட வாயி அது. அங்கயேதான் கெடக்கணும்னு நர்ஸம்மாவே சொல்லிக்குது."

"அப்ப பாஸும் இருக்கட்டும்" என்றார் மோகன். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றும் அவளைத்தான் கடைசியில் கூப்பிட்டேன். திரைக்குப் பின்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய வடை இருந்தது, வாயில் வைக்கவில்லை. பாஸில் குறித்தபடி இடது இடுப்பில் ஒரு முறை, வலது இடுப்பில் ஒரு முறை கைமெஷினை வைத்தேன். அது சும்மா இருந்தது. அங்கே என்ன இருக்கிறது அது கத்துவதற்கு?

"அக்கா" என்றாள். "இடுப்புல இல்லாதத எடுத்துட்டேன்னு எந்த டாக்டருக்கா எழுதித் தருவாரு?"

நான் திரையை விலக்கினேன். முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டு வெளிக்கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. செல்வி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடையை என் கையில் வைத்துவிட்டு, இரண்டாவது பஸ் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.